உக்ரைன் உதவிச் செய்தியில் ஷெல் கணக்கு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உக்ரைனுக்கு 9,000 கோடி யூரோ கடன் கொடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2025 டிசம்பரில் எடுத்த முடிவைத் தாங்கள் உலகச் செய்திப் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். அதே பக்கத்தின் கீழே போர்முனை வரைபடம். ரஷ்யா பிடித்த இடத்தைக் காட்டும் சிவப்பு நிறம் முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. மேலே இருக்கும் பணத்துக்கும் கீழே இருக்கும் சிவப்புக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. நான் பீரங்கிப் படையில் கன்னராகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். என் பணிக்காலம் முழுக்க அந்த நடுவில்தான் கழிந்தது. அதனால் எழுதுகிறேன். கடிதம் நீளம். வெட்டுவதென்றால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், ஷெல், அதாவது பீரங்கிக் குண்டுக் கணக்கில் கை வைக்காதீர்கள்.

அன்று காலை டீக்கடையில் உங்கள் பத்திரிகையை முதலில் பிரித்தவர் எங்கள் ஊர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். "சுபேதார், ஒன்பது லட்சம் கோடி ரூபாயாம்! நம்ம நாட்டு மிலிட்டரி பட்ஜெட்டே அவ்ளோ இல்லியே. இத வச்சிக்கினு ஜெயிக்கலன்னா இன்னா சண்ட போடறாங்க?" என்றார். பக்கத்தில் இருந்த பால் சொசைட்டிக்காரர், "துட்டு வந்துடுச்சி இல்ல சார், இனிமே பாருங்க" என்றார். இருவரும் படித்தது ஒரே தலைப்பு. தலைமை ஆசிரியர் சொன்ன கணக்கு சரிதான்: 2025-26க்கு நம் பாதுகாப்பு பட்ஜெட் 6.81 லட்சம் கோடி ரூபாய். ஆனால் அந்த யூரோ இரண்டு ஆண்டுக்கானது. ஆயுதத்துக்கு மட்டுமல்ல, உக்ரைன் அரசை நடத்தும் செலவுக்கும் சேர்த்து. இது செய்தியின் ஏழாவது பத்தியில் இருந்தது. ஏழாவது பத்தி வரை டீக்கடையில் யார் படிக்கிறார்கள்?

பணத்தைப் பீரங்கியில் போட்டுச் சுட முடியாது. ஷெல்லைத்தான் சுட முடியும். 155 மி.மீ. ஷெல் ஒன்று நாற்பத்து மூன்று கிலோவுக்குக் குறையாது. அதுவும் தனியாக ஒன்றுக்கும் உதவாது. மூக்கில் திருகும் ஃபியூஸ் வேண்டும், பின்னால் தள்ளும் சார்ஜ் வேண்டும், சார்ஜைப் பற்றவைக்கும் பிரைமர் வேண்டும். நான்கும் வெவ்வேறு இடத்தில் தயாராகி, வெவ்வேறு வண்டியில் வந்து, ஒரே கன் பொசிஷனில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். ஒன்று வரவில்லையென்றால் மற்ற மூன்றையும் தார்ப்பாய் போட்டு மூடிவைக்க வேண்டியதுதான்.

1999-ல் எங்கள் ரெஜிமென்ட் போஃபர்ஸ் பீரங்கிகளோடு த்ராஸ் பகுதியில் இருந்தது. கார்கில் சண்டை முழுவதற்கும் நம் பீரங்கிப் படை சுட்டது ஷெல், மோர்ட்டார் குண்டு, ராக்கெட் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம். முந்நூறு பீரங்கி, மோர்ட்டார், ராக்கெட் ஏவிகளிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 5,000. டைகர் ஹில் மீட்கப்பட்ட நாளில் மட்டும் 9,000. இரண்டு, மூன்று மாதத்தில் முடிந்த, ஒரே மலைத்தொடரில் நடந்த சண்டைக்கு இவ்வளவு. உக்ரைனில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் நீளமான போர்முனையில் 2022 பிப்ரவரி 24-லிருந்து இது நடக்கிறது. அங்கே நாளொன்றுக்கு ஐயாயிரம் என்பது ஒரு பொருட்டே இல்லை.

கார்கில் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சண்டைக்கென்று அவசரம் அவசரமாக வெளிநாடுகளில் வாங்கிய தளவாடங்களில் பெரும்பகுதி சண்டை ஓய்ந்த பிறகுதான் வந்து சேர்ந்தது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே 2001-ல் அறிக்கை கொடுத்தார். பணம் ஒதுக்கியது உண்மை, ஒப்பந்தம் போட்டது உண்மை. மலையில் இருந்தவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உக்ரைன் செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறிக்கைதான் நினைவுக்கு வரும்.

உக்ரைனிடம் போர் தொடங்கியபோது இருந்தவை பெரும்பாலும் சோவியத் காலத்து 152 மி.மீ. பீரங்கிகள். அந்த அளவு ஷெல்லை அதிகம் தயாரிக்கும் நாடு எதிரி நாடே. சில மாதங்களில் கையிருப்பு கரைந்தது. 2022 ஏப்ரலில் அமெரிக்கா எம்-777 பீரங்கிகள் 90 கொடுப்பதாக அறிவித்தது. அவை 155 மி.மீ. மூன்று மில்லிமீட்டர்தானே என்று நினைக்கக் கூடாது. கன்னருக்கு அது வேறு உலகம். சார்ஜ் வேறு, தூரம் கணக்கிடும் ஃபயரிங் டேபிள் வேறு, டிரில் வேறு. நான் முதலில் பழகியது ரஷ்யாவின் 130 மி.மீ. எம்-46 பீரங்கி, பிறகு போஃபர்ஸுக்கு மாறினோம். அமைதிக் காலம், தேவ்லாலி பீரங்கிப் பள்ளியில் உட்கார்ந்து படிக்க நேரம் இருந்தது, தவறினால் வாத்தியார் திட்டுவார், அவ்வளவுதான். அப்போதே கை பழகப் பல மாதம் ஆனது. உக்ரைன் பையன்கள் இதைச் சில வாரங்களில், தலைக்கு மேல் எதிரி ட்ரோன் சுற்றும்போது செய்தார்கள். அதற்கு ஒரு சல்யூட். (என் பழைய எம்-46-ஐக்கூட குரோஷியா தன் கிடங்கிலிருந்து எடுத்து உக்ரைனுக்குக் கொடுத்திருக்கிறது என்று படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.)

பிறகு வந்தது ஒரு பீரங்கிக் கண்காட்சி. அமெரிக்காவின் எம்-777, எம்-109, பிரான்ஸின் சீசர், ஜெர்மனியின் பி.இசட்.எச். 2000, போலந்தின் கிராப், இத்தாலியின் எஃப்.எச். 70, பிரிட்டனின் ஏ.எஸ். 90, ஸ்லோவாகியாவின் ஸுஸானா, ஸ்வீடனின் ஆர்ச்சர். ஆர்ச்சர் எங்கள் போஃபர்ஸின் பேரப்பிள்ளை. எல்லாம் 155 மி.மீ.தான், எல்லாம் நல்ல பீரங்கிதான். ஆனால் ஒன்றின் உதிரிபாகம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஒன்றுக்கான சார்ஜ் மற்றொன்றில் அப்படியே ஒத்துப்போகும் என்று உத்தரவாதம் கிடையாது. பி.இசட்.எச். 2000 போர்முனைக்கு வந்து ஒரு மாதம் ஆவதற்குள் சில பழுதாயின. தொடர்ந்து சுட்டதன் விளைவு. பழுதுபார்க்க லிதுவேனியா வரை கொண்டுபோனார்கள். பீரங்கிக் குழல் தேயும் பொருள். சுடச் சுட உள்ளே இருக்கும் மரை அழியும், குறி தள்ளும், தூரம் குறையும். நூறு பீரங்கி கொடுத்தோம் என்பது செய்தி. அவற்றுக்கு மாற்றுக் குழல் எத்தனை, பட்டறை எங்கே என்பது செய்தியாக வந்து நான் பார்த்ததில்லை.

உதவி பலன் தந்த காலமும் உண்டு. 2022 ஜூன் கடைசியில் ஹைமார்ஸ் ராக்கெட் ஏவிகள் வந்தன. முதலில் வந்தவை வெறும் நான்கு. ரஷ்யர்கள் அதுவரை ஷெல் கிடங்குகளை ரயில் நிலையங்களையொட்டிக் குவித்து வைத்திருந்தார்கள். உக்ரைன் பீரங்கி அவ்வளவு தூரம் எட்டாது என்ற தைரியம். ஹைமார்ஸ் எழுபது கிலோமீட்டருக்கு மேல் எட்டியது. கிடங்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கெர்சானுக்குப் போகும் அந்தோனிவ்ஸ்கி பாலம் அடி மேல் அடி வாங்கியது. செப்டம்பரில் கார்கிவ் மாகாணத்தில் பலக்லியா, குப்யான்ஸ்க், இசியம் மூன்றும் ஒரே வாரத்தில் உக்ரைன் கைக்கு வந்தன. நவம்பர் 11 அன்று கெர்சான் நகரம். எண்ணிக்கை கொஞ்சம், ஆனால் எதிரி தயாராக இல்லாத நேரத்தில் வந்தது.

அடுத்த ஆண்டு நேர்மாறு. டாங்கி கொடுப்பதா வேண்டாமா என்று குளிர்காலம் முழுக்க ஐரோப்பாவில் பேச்சு. 2023 ஜனவரி 25 அன்று ஜெர்மனி லெப்பர்ட் கொடுக்கச் சம்மதித்தது; அதே நாளில் அமெரிக்கா 31 ஆப்ராம்ஸ் தருவதாக அறிவித்தது. இந்தப் பேச்சு நடந்த அத்தனை மாதமும் ரஷ்யர்கள் தெற்கே மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணிவெடி, பதுங்குகுழி, டாங்கித் தடுப்புப் பள்ளம், கான்கிரீட் பல், அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை, அதற்கும் பின்னால் இன்னொன்று. ஜூனில் உக்ரைன் படை ஒரிஹிவ் பக்கமிருந்து இறங்கியபோது முதல் சில நாட்களிலேயே லெப்பர்ட் டாங்கியும் அமெரிக்காவின் பிராட்லி கவச வண்டியும் கண்ணிவெடி வயலில் சிக்கி நின்ற படங்கள் வந்தன. தோக்மாக், மெலிதோபோல் ஊர்களைப் பிடித்து அஸோவ் கடல் வரை போவது திட்டம். ஆகஸ்டு கடைசியில் ரொபோட்டினே என்ற சின்னக் கிராமம்தான் கிடைத்தது. ஆப்ராம்ஸ் டாங்கி உக்ரைன் போய்ச் சேர்ந்தது செப்டம்பரில்! எஃப்-16 விமானம் அதற்கும் அடுத்த ஆண்டு ஆகஸ்டில். மேலே விமானப் பாதுகாப்பு இல்லாமல், முன்னால் கண்ணிவெடி அகற்றும் வண்டி போதாமல், எதிரி ஆறு மாதம் தோண்டிய அரணை நோக்கி டாங்கி அனுப்பச் சொன்னால் எந்தத் தளபதியும் திணறுவார். "உக்ரைன் தாக்குதல் தோல்வி" என்று அன்று போட்ட எந்தப் பத்திரிகையும் ஜனவரியையும் செப்டம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டவில்லை.

2024 தொடக்கம்தான் என் மனதை அதிகம் உறுத்துவது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் உதவி மசோதா கட்சிச் சண்டையில் சிக்கி அரை ஆண்டு கிடந்தது. அந்தக் குளிர்காலத்தில் தங்கள் படை நாளொன்றுக்கு 2,000 ஷெல்லுக்கு மேல் சுட முடியாத நிலையில் இருப்பதாக உக்ரைன் பாதுகாப்பு அமைச்சர் ஐரோப்பிய அமைச்சர்களுக்கு எழுதினார். ரஷ்யா அதுபோல மூன்று பங்கு. கார்கிலில் நாங்கள் சுட்டதில் பாதிகூட இல்லை என்பதைப் பாருங்கள். ஓ.பி.யில் (முன்னணிக் கண்காணிப்பு இடத்தில்) இருப்பவன் எதிரி கூட்டமாக வருவதைப் பார்த்து ஃபயர் கேட்கிறான். "இருவர் மூவர் என்றால் கேட்காதே, பெரிய கூட்டமாக வந்தால் மட்டும் கேள்" என்று பதில் வருகிறது. எதிரியும் முட்டாள் அல்ல, இருவர் மூவராகவே வந்தான். விமானத்திலிருந்து விட்டால் தூரத்திலிருந்தே சறுக்கி வந்து விழும் வழுக்கு குண்டு வேறு. பிப்ரவரி 17 அன்று அவ்திவ்காவிலிருந்து உக்ரைன் படை வெளியேறியது. பத்தாண்டாகக் காத்த ஊர்.

மசோதா ஏப்ரல் 24-ல் சட்டமானது. சுமார் 6,100 கோடி டாலர் என்று எல்லாரும் போட்டீர்கள். அதில் ஏறக்குறைய 2,300 கோடி, அமெரிக்கா ஏற்கெனவே கொடுத்த ஆயுதங்களுக்குப் பதிலாகத் தன் கிடங்கை நிரப்பிக்கொள்வதற்கு. அதாவது பென்சில்வேனியாவில் ஸ்க்ராண்டன் தொழிற்சாலையில் ஷெல் செய்யும் தொழிலாளிக்குச் சம்பளமாகப் போகும் பணம். தவறு என்று சொல்லவில்லை. ஷெல் அங்கேதானே செய்கிறார்கள். போருக்கு முன் அமெரிக்காவே மாதத்துக்கு 14,000 சொச்சம்தான் தயாரித்தது. ஒரு லட்சமாக்குவது இலக்கு என்றார்கள். மே 10-ல் ரஷ்யா கார்கிவ் எல்லையில் புதிதாகத் தாக்கியபோது ஷெல் வரத் தொடங்கியிருந்தது. வொவ்சான்ஸ்கில் அந்தத் தாக்குதல் நின்றுபோனது. அவ்திவ்காவில் இருந்தவனைவிட வொவ்சான்ஸ்கில் இருந்தவன் வீரன் என்பதாலா? இவனிடம் ஷெல் இருந்தது.

ஐரோப்பா கதை இன்னும் வேடிக்கை. 2023 மார்ச்சில், ஓர் ஆண்டில் பத்து லட்சம் ஷெல் கொடுப்போம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் பாதிதான் கொடுத்திருந்தார்கள். பணம் இல்லாமல் அல்ல. வெடிமருந்து இல்லை. ஐரோப்பாவில் டி.என்.டி. பெரிய அளவில் தயாரிக்கும் இடம் என்று போலந்தில் ஒரே ஒரு ஆலையைத்தான் சொல்ல முடிந்தது. சார்ஜுக்கு வேண்டிய நைட்ரோசெல்லுலோஸ் செய்யப் பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு வேண்டும். அதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஐரோப்பியத் தலைவர்கள் மேடையில் கோடிகளை அறிவித்துக்கொண்டிருக்க, உண்மையில் எல்லாம் பருத்திக்கொட்டையில் வந்து நின்றது. செக் குடியரசு கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்தது: தயாரிக்கக் காத்திராமல், உலகம் முழுக்க யார் கிடங்கில் ஷெல் இருக்கிறது என்று தேடி வாங்கிக் கொடுத்தது. டென்மார்க் வேறு வழி பிடித்தது. தன்னிடம் இருந்த சீசர் பீரங்கி அத்தனையையும் கொடுத்துவிட்டு, பிறகு உக்ரைன் தொழிற்சாலைகளுக்கே நேராகப் பணம் கொடுத்தது. 2024-ல் அப்படி 18 பொஹ்தானா பீரங்கிகள் உக்ரைனிலேயே தயாராகிப் படைக்குப் போயின. ஜெர்மனியில் ரைன்மெட்டால் கம்பெனி 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய புதிய ஷெல் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்ற முழு அளவை எட்டுவது 2027-ல்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதியதாகும். வெளிநாட்டு உதவி வாங்குவது உக்ரைன் மட்டுமா? ஈரான் கொடுத்த ஷாஹித் ட்ரோன்கள் 2022 இலையுதிர்காலத்திலிருந்து உக்ரைன் நகரங்களில் விழுகின்றன. இப்போது ரஷ்யா அவற்றைத் தாதர்ஸ்தானில் யெலாபுகாவில் தானே தயாரிக்கிறது. வட கொரியா லட்சக்கணக்கில் ஷெல் கொடுத்தது. பழைய சரக்கு, குறி சுமார் என்கிறார்கள். இருக்கட்டும். சுமாரான ஷெல் நிறைய வைத்திருப்பவன், நல்ல ஷெல் கொஞ்சம் வைத்திருப்பவனைக் குழிக்குள்ளேயே அடக்கிவைப்பான். 2024 இறுதியில் வட கொரியா பத்தாயிரத்துக்கு மேல் படைவீரர்களையும் ரஷ்யாவுக்குள் இருக்கும் குர்ஸ்க் முனைக்கு அனுப்பியது. இந்த உதவிக்கு விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை, தேர்தல் இல்லை. 2025 மார்ச்சில் அமெரிக்கா ஒரு வாரம் ஆயுதத்தையும் உளவுத் தகவலையும் நிறுத்திவைத்தது நினைவிருக்கும். வட கொரியத் தலைநகர் பியாங்யாங்கிலிருந்து வரும் ரயில் அப்படி நின்றதாகக் கேள்விப்பட்டதில்லை.

ரஷ்யா செய்தது படையெடுப்பு. அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ரஷ்யப் பீரங்கியில் தொழில் கற்றவன் என்பதால் இதைச் சொல்லக் கூச்சமும் கிடையாது.

இப்போது நடப்பது நான் அறிந்த பீரங்கிச் சண்டையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். த்ராஸில் போஃபர்ஸை வெட்டவெளியில் நிறுத்திச் சுட்டோம். இன்று உக்ரைனில் அப்படி நிறுத்தினால் சில நிமிடங்களில் எஃப்.பி.வி. ட்ரோன் (கேமரா வழியே பார்த்து ஓட்டி மோதவிடும் ட்ரோன்) வந்து தொலைத்துவிடும். ட்ரோனை அலைவரிசை குழப்பி விழவைத்தார்கள். உடனே கண்ணாடி இழை நூலை இழுத்துக்கொண்டு பறக்கும் ட்ரோன் வந்தது, அதைக் குழப்ப முடியாது. முனையிலிருந்து பதினைந்து இருபது கிலோமீட்டர் வரை சரக்கு லாரி போவதே ஆபத்து. ஆகவே சாலைகளுக்கு மேல் வலை கட்டுகிறார்கள். பிரான்ஸில் பிரித்தானி கடற்கரை மீனவர்கள் கழித்துப்போட்ட மீன்வலைகள் இதற்காக உக்ரைனுக்குப் போயிருக்கின்றன. அதுவும் வெளிநாட்டு ராணுவ உதவிதான். எந்தத் தலைப்பிலும் அதற்குக் கோடி போட முடியாது. அந்த வலைக்குக் கீழே லாரி ஓட்டிப் போகிறவனுக்குத் தெரியும் அதன் மதிப்பு.

உதவும் எந்த நாடும் உக்ரைனுக்குத் தன் படையாக அனுப்பாதது ஒன்று உண்டு: காலாட்படை வீரன். உக்ரைன் 2024 ஏப்ரலில் படையில் சேர்க்கும் வயதை 27-லிருந்து 25-ஆகக் குறைத்தது. இன்னும் குறைக்கச் சொல்லி வெளியிலிருந்து அழுத்தம், உள்ளே எதிர்ப்பு. இருபது வயதுப் பையன்களையும் அனுப்பிவிட்டால் பிறகு நாட்டில் யார் இருப்பது என்பது அவர்கள் கேள்வி. பீரங்கி ரிப்பேர் செய்யலாம், அகழியில் ஆள் இல்லையென்றால் வரைபடம் தானாகச் சிவக்கும். ரஷ்யா ஆளைப் பணம் கொடுத்து வாங்குகிறது. அப்படி வாங்கப்பட்டவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. உதவியாள் வேலை, சமையல் வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போனவர்கள். 2025 ஜனவரியில் நம் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கு: ரஷ்யப் படையில் சேர்ந்த இந்தியர் 126, இறந்தவர் 12, காணாமல் போனவர் 16. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்த ஊர்கள் உண்டு. "ராணுவத்துல வேல, மாசம் ரெண்டு லட்சம்" என்று யாராவது சொன்னால் காது கொடுக்கும் இளைஞர்களும் உண்டு. தங்கள் பத்திரிகை இதையாவது அடிக்கடி எழுத வேண்டும்.

வரைபடத்துக்கு வருகிறேன். அமெரிக்காவிலிருந்து போரைக் கணக்கிடும் ஐ.எஸ்.டபிள்யூ. ஆய்வு நிறுவனத்தின்படி 2024 முழுவதும் ரஷ்யா பிடித்தது நாலாயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர். உக்ரைன் பரப்பு ஆறு லட்சம் சதுர கிலோமீட்டர். நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. அவ்திவ்காவிலிருந்து பொக்ரோவ்ஸ்க் நாற்பது கிலோமீட்டர் சொச்சம்; அவ்திவ்கா விழுந்தது 2024 பிப்ரவரியில், பொக்ரோவ்ஸ்கில் 2025 இறுதியிலும் சண்டை ஓயவில்லை. தினமும் "ரஷ்யா முன்னேற்றம்" என்று படிக்கும் வாசகர், மாஸ்கோ டாங்கி கீவ் நகர வாசலில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறார். யார் சொல்வதை வைத்து நிறம் தீட்டுகிறீர்கள் என்றும் யோசிக்க வேண்டும். 2025 நவம்பரில் குப்யான்ஸ்கைப் பிடித்துவிட்டோம் என்று ரஷ்யத் தலைமைத் தளபதி அறிவித்தார். டிசம்பரில் ஸெலென்ஸ்கி அந்த ஊர் முகப்பில் இருக்கும் பெயர்த்தூண் முன் நின்று வீடியோ எடுத்துப் போட்டார். இரண்டும் வேறு வேறு நாளில் தங்கள் பத்திரிகையிலும் வந்தன, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத செய்திகளாக. அதே சமயம், நிலம் குறைவு என்பதால் ரஷ்யா தோற்கிறது என்று எழுதுபவர்களையும் நான் ஏற்கமாட்டேன். ஆளும் ஷெல்லும் தேய்வதுதான் இந்த மாதிரிச் சண்டையில் கணக்கு. யார் முதலில் தேய்கிறார்களோ அதன் பிறகுதான் நிலம் பெரிதாகக் கைமாறும். 1918-ல் அப்படித்தான் நடந்தது.

நமக்கு என்ன வந்தது என்று தலைமை ஆசிரியர் கேட்டார். வந்திருக்கிறது. எஸ்-400 ஏவுகணைத் தொகுதி ஐந்து வேண்டுமென்று 2018-ல் ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டோம். மூன்று வந்தன, மீதி இரண்டு இந்தப் போரால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயின. ஆவடியில் நாம் கட்டும் டி-90 டாங்கியும் ரஷ்ய டிசைன்தான். ஆயுதம் கொடுக்கும் நாடு தானே சண்டையில் இறங்கிவிட்டால் வாங்கிய நாடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதே நேரம் உலகம் முழுக்க 155 மி.மீ. ஷெல்லுக்குக் கிராக்கி, இந்தியாவில் தயாரான ஷெல்கள் ஐரோப்பா வழியாக உக்ரைன் போயின என்று 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் எழுதியது, அது ஊகமான, திசைதிருப்பும் செய்தி என்று நம் வெளியுறவு அமைச்சகம் மறுத்தது. இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? எனக்கு வேண்டியது வேறு. பெரிய சண்டை ஒன்று வந்தால் நம் ஷெல் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்ற கேள்வியை நாடாளுமன்றத்தில் யாராவது கேட்கும்போது, அதை உள்பக்கத்தில் நாலு வரியில் முடித்துவிடாதீர்கள்.

ஆகவே என் வேண்டுகோள். அடுத்த முறை எந்த நாடாவது எவ்வளவு கோடி அறிவித்தாலும், போன முறை அறிவித்ததில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது, எந்த மாதத்தில் சேர்ந்தது என்று பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். ஜெர்மனியில் கீல் நகரத்து ஆய்வு நிறுவனம் ஒன்று, யார் என்ன சொன்னார்கள், என்ன ஒதுக்கினார்கள் என்று தனித்தனியாகக் கணக்கு வைத்து எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறது. உங்கள் மேஜையில் ஒருவர் அரை மணி நேரம் செலவிட்டால் போதும். வரைபடத்துக்குக் கீழே ஒரு தூர அளவுகோலும் போடுங்கள். பால் சொசைட்டிக்காரரும் தலைமை ஆசிரியரும் அதைப் பார்த்துவிட்டுச் சண்டை போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் சுபேதார், பீரங்கிப் படை,
வேலூர் மாவட்டம்.

பி.கு.: அதே செய்தியோடு "உக்ரைன் டாங்கி" என்று போட்டிருந்த படத்தில் இருப்பது டாங்கி அல்ல. ஜெர்மனியின் பி.இசட்.எச். 2000, தானே ஓடும் பீரங்கி. எட்டு மீட்டர் குழலைப் பார்த்தாலே தெரியும். டாங்கி கண்ணெதிரே இருப்பதைச் சுடும். இது முப்பது கிலோமீட்டர் தள்ளி நின்று சுடும். திருத்தம் போட இடமிருந்தால் போடவும்.